யார் வேண்டுமானாலும் வரலாம்

கேமரன் மலையில் ரிங்லெட் பட்டணத்தைத் தாண்டி லெம்பா பெர்த்தாமுக்கு இறங்குகிற சாலையில், ஆற்றை ஒட்டி எச்சரிக்கைப் பலகைகள் நிற்கும். அணையிலிருந்து எந்த நேரமும் தண்ணீர் திறந்துவிடப்படலாம், ஆற்றில் இறங்காதீர்கள் என்று சொல்லும் பலகைகள். பள்ளிக்கூடம் போகிற வழியில் நான் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் மலாய்ச் சொல் 'பஹாயா'. ஆபத்து. 1963இல் சுல்தான் அபு பாக்கார் அணையைக் கட்டிப் பெர்த்தாம் ஆற்றைத் தேக்கி, அந்த நீரை மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே ஜோர் மின்நிலையத்துக்கு அனுப்பினார்கள். அணைக்குக் கீழே மெலிந்துபோன ஆறு, அதன் கரையில் முட்டைக்கோசும் தக்காளியும் செவ்வந்தியும் விளைகிற பள்ளத்தாக்கு. இதுதான் என் ஊர். மேட்டுச் சரிவுகளில் தேயிலை. அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. அம்மா மலையில் கொழுந்து எடுத்தார்.

தோட்டத்தில் வேறு அறிவிப்புகளும் இருந்தன. காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நிற்கும் ஆபீஸ் சுவரில், கணக்கு எழுதும் கிராணி தாள் ஒட்டிவைப்பார். சம்பளம் இன்ன தேதி. இன்ன காட்டில் மருந்து அடிப்பதால் ஆடு மாடுகளை விடக் கூடாது. பிள்ளைகளுக்கு ஊசி போட ஆஸ்பத்திரி ஆள் வருகிறார், ஆயாக் கொட்டகைக்குக் கொண்டு வரவும். நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தின் கால்வாயைச் சுத்தம் செய்யாதவர் வீட்டுக்கு எச்சரிக்கை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அதை உரக்கச் சொல்வார். செய், செய்யாதே, கட்டு, கவனம். அந்தச் சுவரில் இவை தவிர வேறெதையும் நான் படித்ததில்லை. கோயில் திருவிழாவுக்குத் தாள் தேவைப்படவில்லை, உறுமிச் சத்தமே எல்லா லயத்துக்கும் போய்விடும். ஆக, எழுத்தில் வந்தது எதுவும் எங்களை எங்கேயும் வரச் சொல்லவில்லை. பதினெட்டு, பத்தொன்பது வயது வரை அது எனக்கு ஒரு குறையாகவும் தெரியவில்லை.

1986இல் எனக்கு மலாயாப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. தாப்பா வரை வளைந்து வளைந்து இறங்குகிற மலைச் சாலை. அங்கிருந்து பேருந்தில் கோலாலம்பூர் புடுராயா. பிறகு நகரப் பேருந்தில் லெம்பா பந்தாய். அப்பா ஒரு சாக்கில் கோசும் இரண்டு பொட்டலம் தேயிலைத் தூளும் கட்டிக் கொடுத்திருந்தார், விடுதியில் யாருக்காவது கொடுத்தால் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார்கள் என்று. அந்த வெயிலில் கம்பளிச் சட்டையோடு வந்து நின்ற என்னைப் பார்த்து ஒரு சீனியர் அக்கா சொன்ன முதல் வார்த்தை, "கேமரனா? மொதல்ல அதக் கழட்டு!"

கலைப்புலத்தின் நடைபாதையில் ஒரு நீளமான பலகை இருந்தது. பச்சைத் துணி போர்த்தி, குண்டூசி குத்திய தாள்களால் நிறைந்த பலகை. ஒவ்வொரு தாளின் மூலையிலும் மாணவர் விவகாரப் பிரிவின் முத்திரை. முத்திரை இல்லாத தாளை ஒட்டக் கூடாது. பல்கலைக்கழகச் சட்டம் 1975இல் இறுக்கப்பட்ட பிறகு வந்த வழக்கம் அது. அதற்கு முந்திய தலைமுறை மாணவர்கள் வளாகத்தில் சொற்பொழிவு மூலை ஒன்றை வைத்துக்கொண்டு, யாரிடமும் கேட்காமல் ஏறிப் பேசியதாகச் சீனியர்கள் ஏக்கத்தோடு சொல்வார்கள். அவர்களுடைய ஏக்கம் எனக்கு நியாயமாகப் பட்டது. ஆனாலும் அந்த முத்திரைகளைத் தாண்டி எனக்குக் கண்ணில் பட்டது வேறு. ஒவ்வொரு தாளும் வரப்போகிற ஒன்றைச் சொன்னது. செவ்வாய் மாலை வரலாற்றுத் துறையில் ஓர் உரை. புதன் இரவு பங்கோங் எக்ஸ்பெரிமென் அரங்கில் மலாய் நாடகம். வெள்ளி இரவு தமிழ்ப் பேரவையின் பட்டிமன்றம். சனிக்கிழமை காலை விடுதிகளுக்கு இடையே குறுக்கோட்டம், மாலையில் செப்பாக் தக்ராவ். பலவற்றின் அடியில் ஒரே வரி: கட்டணம் இல்லை, அனைவரும் வரலாம்.

நான் பக்கத்தில் நின்ற அதே அக்காவிடம் கேட்டேன். "அனைவரும்னா, நாமளுமாக்கா?"

"பின்ன யாரு? நீ போய் உட்காரு. ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

போய் உட்கார்ந்தேன். முதலில் பின்வரிசையில், கதவுக்குப் பக்கத்தில். ஒரு பொருளாதார உரையில் புரிந்தது பாதி, புரியாதது பாதி. அதில் பேசியவர், அப்போது எங்கள் துணைவேந்தராக இருந்த உங்கு அஜீஸ் கிராமத்து வறுமையை அளந்த விதத்தை விளக்கினார். ஒரு வீட்டில் ஒரு வயதுக்கு மேற்பட்டவர்கள் எத்தனை பேர், அந்த வீட்டில் மொத்தம் எத்தனை சாரோங். தலைக்கு ஒன்றுகூட வராவிட்டால் அந்த வீட்டை எங்கே வைப்பது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. எனக்கு உடனே எங்கள் வீட்டுக் கொடி ஞாபகம் வந்தது. அம்மா கொழுந்து எடுக்கப் போகும்போது இடுப்பில் சுற்றுகிற கைலி ஒன்று, அது காயாத மழை நாட்களுக்கு அப்பாவின் கைலி. நான் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் கொடியில் தொங்கியது ஒரு பேராசிரியரின் கணக்குக்குள் வருகிற பொருள் என்று அறிந்த அந்த மாலையை நான் எப்படி மறக்க முடியும்? பாடப் புத்தகம் அதைச் சொல்லவில்லை. என் பட்டப் படிப்பின் பாடத் திட்டத்திலும் அது இல்லை. சுவரில் ஒரு தாளைப் பார்த்துப் போனதால் கிடைத்தது.

நாடக அரங்கில் வேறொரு பாடம். மலாய் எங்களுக்குப் பரீட்சை மொழி, கடைத் தெரு மொழி. ஒரு மேடையில் விளக்கு அணைந்து எரிந்ததும், அதே மொழியில் ஒரு தாய் தன் மகனைத் திட்டியபோது நான் அழுதேன். பக்கத்தில் இருந்த கிளந்தான் பெண் தன் கைக்குட்டையைக் கொடுத்தாள். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்தே பலகை பார்க்கப் போனோம். பட்டிமன்றத்துக்கு அவளை நான் அழைத்துப் போனேன். மொழி தெரியாமலேயே, யார் ஜெயிக்கிறார்கள் என்பதைக் கைத்தட்டலை வைத்துச் சரியாகச் சொன்னாள்.

குறுக்கோட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் பெருமையோடுதான் சொல்ல வேண்டும். பல்கலைக்கழக வளாகம் மேடு பள்ளம் நிறைந்தது. ஏரியைச் சுற்றி, விடுதிக் குன்றுகளில் ஏறி இறங்கி ஓட வேண்டும். மற்றவர்கள் மேட்டில் மூச்சு வாங்கி நடக்கத் தொடங்கும் இடத்தில் எனக்குக் கால் எழும்பியது. லயத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கும், பள்ளிக்கூடத்திலிருந்து அம்மா வேலை செய்யும் மலைக்கும் சாப்பாடு தூக்கிக்கொண்டு ஓடிய கால்கள். எங்கள் விடுதி அந்த ஆண்டு பெண்கள் பிரிவில் பரிசு வாங்கியது. தோட்டத்துப் பிள்ளைக்குப் பட்டணத்தில் எல்லாமே பற்றாக்குறையாகத் தெரியும். மொழி போதாது, உடை போதாது, பேச்சு போதாது. எங்களிடம் கூடுதலாக இருப்பது எது என்று காட்டியது அந்தச் சனிக்கிழமைதான். தோட்டங்களிலிருந்து வருகிற மாணவர்களிடம் நான் இன்றும் முதலில் சொல்வது, ஏதாவது ஒரு விளையாட்டில் பெயரைக் கொடுங்கள் என்பதே.

1987 நவம்பரில் ஆறாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. முதல் மாநாடும் இதே ஊரில், 1966 ஏப்ரலில். எங்கள் இந்திய ஆய்வியல் துறையின் தலைவராக இருந்த தனிநாயகம் அடிகள் முன்னின்று நடத்தியது. அவர் அமர்ந்த துறையில்தான் நாங்கள் படிக்கிறோம் என்பதை ஆசிரியர்கள் அடிக்கடி நினைவூட்டுவார்கள். ஒரு நாள் அமர்வுக்கு நானும் போனேன். தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்தவர்கள் ஒரு சங்கப் பாடலின் ஒரு சொல்லுக்காக வாதாடிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரர் ஒருவர் எழுந்து தமிழில் மறுத்துப் பேசினார். என் தோட்டத்தில் வெள்ளைக்காரர் என்றால் பழைய துரை பற்றிய கதை மட்டும்தான். அந்தக் கதைகளில் துரைக்குத் தெரிந்த தமிழ் ஏவுகிற தமிழ்.

இதையெல்லாம் வீட்டுக்கு எழுதினேன். நடந்ததை எழுதுவதைவிட நடக்கப்போவதை எழுதுவது எனக்குப் பிடித்தது. பலகையில் இருந்ததைக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் அப்படியே பெயர்த்து எழுதுவேன். தங்கை அதை லயத்து வாசலில் உரக்கப் படிப்பாளாம். சுற்றி உட்கார்ந்து கேட்பவர்கள், "அடுத்த வாரம் நம்ம பிள்ளைக்கு என்ன இருக்கு?" என்று கேட்பார்களாம். என் பல்கலைக்கழகத்து நாள்குறிப்பு எங்கள் லயத்துக்கே தெரிந்திருந்தது.

அந்தக் கடிதங்களில் ஒன்றுக்குத் தாத்தாவிடமிருந்து பதில் வந்தது. அவருக்கு எழுதத் தெரியாது, தங்கை எழுதியிருந்தாள். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு நானும் ஒரு வெள்ளி கொடுத்திருக்கிறேன், தைரியமாக முன்வரிசையில் உட்காரு என்றிருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. துறையில் ஓர் ஆசிரியரிடம் கேட்டபோதுதான் கதை தெரிந்தது. 1950களில், பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்த காலத்தில், இந்தியத் துறை தொடங்கும் பேச்சு எழுந்தது. சமஸ்கிருதத்துக்கு முதலிடம் தரும் யோசனை முன்வந்தது. இங்கே வாழும் இந்தியர்களில் பெரும்பாலோர் தமிழர்கள், தமிழுக்கே இடம் வேண்டும் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி எழுந்து நின்றார். 'தமிழ் எங்கள் உயிர்' என்று பெயர் வைத்து நிதி திரட்டினார். தோட்டப் பாட்டாளிகள் வெள்ளி வெள்ளியாகக் கொடுத்தார்கள். 1956இல் துறை பிறந்தது. அந்தப் பணம் பல்கலைக்கழக நூலகத்தின் தமிழ் நூல்களுக்குப் போனது.

அன்று மாலை நூலகத்தில் தமிழ்ப் பகுதிக்குப் போய், அலமாரிகளுக்கு நடுவே வெகு நேரம் நின்றேன். எந்தப் புத்தகம் தாத்தாவின் வெள்ளி? எதுவாகவும் இருக்கலாம். அதன்பிறகு நான் பின்வரிசையில் உட்காரவில்லை. 'அனைவரும் வரலாம்' என்ற வரியைப் பெருந்தன்மை என்று அதுவரை நினைத்திருந்தேன். அது எங்களுக்குப் பட்ட கடன் என்று இன்று நினைக்கிறேன், அப்படியே சொல்லியும் வருகிறேன்.

அப்பா ஒரு முறை வந்தார். தமிழ் மாணவர்கள் தெவான் துங்கு சன்செலர் மண்டபத்தில் கலை இரவு நடத்தினார்கள். 1966இல் திறந்த, கான்கிரீட் வெளியே தெரியும்படி கட்டிய மிகப் பெரிய மண்டபம். பட்டமளிப்பெல்லாம் அங்கேதான். நான் ஆடவும் இல்லை, பாடவும் இல்லை. திரை இழுப்பவர்களில் ஒருத்தி. ஆனாலும் வரச் சொல்லி எழுதினேன். அப்பா தொழிற்சாலையில் லீவு சொல்லி, கல்யாணத்துக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். வாசலில் நின்றுவிட்டார்.

"உள்ள யாரு வேணும்னாலும் போலாமா? டிக்கெட்டு?"

"டிக்கெட்டு இல்லப்பா. வாங்க."

"வேட்டி கட்டியிருக்கணுமோ?"

"இதுவே போதும்பா."

செருப்பைக் கழற்றப் போனார். நான் கையைப் பிடித்து அழைத்துப் போய் உட்கார வைத்தேன். நிகழ்ச்சி முழுக்க முதுகை நாற்காலியில் சாய்க்காமல் உட்கார்ந்திருந்ததைத் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். பரதம், மலாய் மாணவர்களின் ஜோகெட், சீன மாணவர்களின் முரசு, ஒரு தமிழ் நாடகம். முடிந்து வெளியே வந்ததும், நன்றாக இருந்தது, இல்லை என்று எதுவும் சொல்லவில்லை. "அடுத்தது எப்ப?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைவிடப் பெரிய பாராட்டை எந்த மேடையும் வாங்கியிருக்காது.

2001 ஜூன் மாதம் அந்த மண்டபம் தீப்பிடித்து எரிந்தது. தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு அப்பா எனக்குப் போன் செய்தார். அப்போது அவர் வேலையிலிருந்து ஓய்ந்து, தங்கை வீட்டில் இருந்தார். "நான் உட்கார்ந்த மண்டபம்மா" என்றார். அவ்வளவுதான் பேச்சு. பிறகு அதைச் சீர்படுத்தித் திறந்தார்கள் என்று சொன்னபோது, மறுபடி நிகழ்ச்சி நடக்கிறதா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

அந்த எண்பதுகளின் நடுவில் தமிழ்ப் பேரவை தொடங்கிய சிறுகதைப் போட்டி ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'பேரவைக் கதைகள்' என்று பரிசுக் கதைகள் ஆண்டுதோறும் புத்தகமாகும். மாணவர்களுக்கு ஒரு பிரிவு, பொதுமக்களுக்கு ஒரு பிரிவு. அந்த அறிவிப்பையும் கடிதத்தில் எழுதி அனுப்பினேன். பக்கத்து லயத்து அண்ணன் ஒருவர், காய்கறி லாரியில் உதவியாளாகப் போகிறவர், இரவில் சந்தைக்கு இறங்குகிற லாரியின் கூரையில் படுத்துக்கொண்டு வரும் ஒரு பையனைப் பற்றிக் கதை எழுதி அனுப்பினார். பரிசு வரவில்லை. ஆனால் பரிசளிப்பு விழாவுக்கு வந்தார். எழுத்தாளர்கள் பேசியதைக் கேட்டார். புத்தகம் வாங்கினார். திரும்பும்போது, மற்றவர்கள் எப்படி முடிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்றார். தேயிலைக் காட்டுக்கும் கோசுக் காட்டுக்கும் நடுவில் ஓர் ஆள் கதை முடிக்கும் விதத்தை யோசித்துக்கொண்டு நடந்தார் என்றால், அதற்கு ஒரு தாள் அறிவிப்பு காரணம்.

கடைசி ஆண்டில் நாங்கள் சிலர் சேர்ந்து நிகழ்ச்சியையே மலைக்குக் கொண்டுபோனோம். பள்ளி விடுமுறையில் இரண்டு நாள் முகாம், லெம்பா பெர்த்தாமில். காலையில் பிள்ளைகளுக்குக் கணிதமும் மலாயும், மதியம் ஓர் உரை, மாலையில் விளையாட்டு, இரவில் கலை நிகழ்ச்சி. ஒரு வாரம் முன்னதாகவே தங்கையிடம் சொல்லி, மளிகைக் கடைச் சுவரிலும் கோயில் தூணிலும் தாள் ஒட்டச் செய்தேன். தேதி, நேரம், நிகழ்ச்சி, கீழே அதே வரி. வேலை விட்டுக் கூடையோடு வந்த பெண்கள் கடை முன்னால் நின்று, "எங்களுக்குமா?" என்று தங்கையைக் கேட்டார்களாம்.

வந்தார்கள். பட்டணத்துப் பிள்ளைகள் குளிரில் நடுங்கினார்கள், அட்டைக் கடிக்கு அலறினார்கள், ஆனாலும் ஒருவரும் சலித்துக்கொள்ளவில்லை. மதிய உரையைப் பேசியவன் சட்டம் படித்த மாணவன். தொழிலாளர் சேமநிதியில் உங்கள் கணக்கைப் பார்ப்பது எப்படி, முதலாளி செலுத்த வேண்டிய பங்கு எது, வேலையில் காயம்பட்டால் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் எங்கே போய்க் கேட்பது. அரை மணி நேரம் என்று போட்டிருந்தோம். கேள்விகள் நிற்கவில்லை, இருட்டும் வரை போனது. விளையாட்டை மறுநாளைக்குத் தள்ளினோம்.

மறுநாள் கயிறு இழுத்தல். பல்கலைக்கழக மாணவிகள் ஒரு பக்கம், கொழுந்து எடுக்கும் பெண்கள் ஒரு பக்கம். நான் எந்தப் பக்கம் நிற்பது என்று யோசிக்கும் முன்னே அம்மா என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இருபது கிலோ கொழுந்தைத் தலையிலிருந்து தொங்கவிட்டுச் சரிவில் நிற்கிற கால்கள் அவை, சேற்றில் ஊன்றினால் அசையாது. நொடியில் முடிந்தது. தோற்ற மாணவிகள் சேற்றில் உருண்டு சிரித்தார்கள். அம்மா சிரித்தது போல அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அன்று இரவு மேடையில் பெண்கள் கும்மி அடித்தார்கள். மண்டோரும் கிராணியும் கீழே உட்கார்ந்து பார்த்தார்கள்.

2013 அக்டோபர் 23 நள்ளிரவு கடந்து, பெருமழையில் அணை நீர் திறக்கப்பட்டு லெம்பா பெர்த்தாமுக்குள் வெள்ளம் வந்தது. உயிர்கள் போயின. வீடுகளும் வண்டிகளும் மண்ணோடு போயின. நாங்கள் கயிறு இழுத்த திடல் சகதியில் மூழ்கிக் கிடந்ததைப் பார்த்தேன். உறவுகளின் வீட்டில் சேறு வாரிக்கொண்டிருந்தபோது, அந்த முகாமில் சிறுமியாக ஓடி விளையாடிய ஒருத்தி, இப்போது ஆசிரியை, வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினாள். யாருக்கு அரிசி வேண்டும், யாருக்குப் போர்வை என்று அறியத்தான் தொடங்கியது. வேலை முடிந்த பிறகும் குழு கலையவில்லை. 2015 ஜனவரி இறுதியில் ஒன்பதாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு மலாயாப் பல்கலைக்கழகத்திலேயே நடந்தபோது, அந்தக் குழுவில் நான் முதன்முதலாக ஒரு நிகழ்ச்சி நிரலைப் போட்டேன். வேன் பிடித்து வந்தார்கள்.

அதிலிருந்து போட்டுக்கொண்டே இருக்கிறேன். பொது உரை, நாடகம், பேரவையின் கதைப் போட்டி, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான ஆட்டங்கள். இப்போது அறிவிப்புகள் பச்சைத் துணிப் பலகையில் இல்லை, கைபேசிக்கே வருகின்றன. கைபேசிக்கு வந்தாலும் தோட்டத்துக்கு வந்துவிடுகின்றன என்று எண்ணிவிடக் கூடாது. யாராவது ஒருவர் பெயர் சொல்லி, நீ வா, இது உனக்கும்தான் என்று அழைக்க வேண்டியிருக்கிறது. பல்கலைக்கழகங்களில் நிகழ்ச்சி நடத்துகிற மாணவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இதைக் கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் சுவரொட்டியில் ஒன்றைத் தாப்பா வழியாக மேலே அனுப்புங்கள். ரிங்லெட்டில் ஒரு கடைச் சுவர், ஒரு கோயில் தூண் போதும்.

போன வாரம் ஒரு நாடகத்தின் அறிவிப்பைப் போட்டேன். ஐந்தாம் படிவம் படிக்கும் பெண் ஒருத்தி தனியாக எனக்கு எழுதினாள். அம்மாவும் வர ஆசைப்படுகிறார், படிக்காதவர், உள்ளே விடுவார்களா அத்தை என்று. வரச் சொல் என்று எழுதினேன். காலை பேருந்தில் ஏறினால் மதியத்துக்குள் கோலாலம்பூர் வந்துவிடலாம், யுனிவர்சிட்டி எல்ஆர்டி நிலையத்தில் இறங்கிப் படிக்கட்டுப் பக்கம் நில்லுங்கள், நான் வந்து அழைத்துப் போகிறேன், இரவு என் வீட்டில் தங்கலாம், அம்மாவுக்கு என்ன சமைக்கட்டும் என்று கேட்டுச் சொல்.